தலைக்குள் ஒரு சின்னத் திண்ணை

ஒவ்வொரு வருஷமும் மழைக்காலத்தில் என் வீட்டு வாசலுக்கு ஒரே கவலையோடு பெற்றோர்கள் வருவார்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் நன்றாகப் படித்த பிள்ளை, பிளஸ் ஒன் சேர்ந்து இரண்டு மாதத்திலேயே மங்கிப்போய்விட்டது என்பார்கள். "நல்லாத்தான் படிச்சிட்டிருந்தாளுங்க டீச்சர். இப்ப எதைக் கேட்டாலும் முழிக்கிறா. மண்டைல ஒண்ணும் ஏற மாட்டேங்குது." கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிப்போன கவலை. புத்தகம் இங்கிலீஷில் இருக்கும், சார் மலையாளத்தில் விளக்குவார், பிள்ளை தமிழில் யோசிக்கும்.

டியூஷன் ஆரம்பிப்பதற்கு முன் பதினோரு வருஷம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கேயும் இதே பேச்சுதான். புதிதாகச் சேர்ந்த பையன் இரண்டு தடவை தப்புச் செய்துவிட்டால் "இவனுக்கு மூளை கொஞ்சம் கம்மி" என்று யாராவது முடிவு கட்டிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே பையன் அந்த மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவான். மூளை அதே மூளைதான். அதைச் சுற்றி இருந்த நிலைமை மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ஒருவர் படிப்பிலோ வேலையிலோ எப்படிச் செய்கிறார் என்பது அவருடைய திறமையை மட்டும் வைத்து அமைவதில்லை. அந்த நேரத்தில் அவர் மனசில் என்ன ஓடுகிறது, அவரிடம் விஷயம் எப்படிச் சொல்லப்பட்டது, தெரியவில்லை என்று அவரால் வாய் திறந்து கேட்க முடிந்ததா, இந்த மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. எப்படிக் கலக்கின்றன என்பதைத்தான் இங்கே எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான்கு பேர் உட்காரும் இடம்

பேப்பர் பேனா இல்லாமல் 37-ஐ 8-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

பெரும்பாலானவர்கள் 30 எட்டு 240 என்று முதலில் எடுப்பீர்கள். அப்புறம் 7 எட்டு 56. இரண்டையும் கூட்டினால் 296. சரி, 56-ஐத் தேடிக்கொண்டிருந்த அந்த நொடியில் 240-ஐ எங்கே வைத்திருந்தீர்கள்? அந்த இடத்துக்குத்தான் உளவியலில் செயல் நினைவு என்று பெயர். எதைக் கையாண்டுகொண்டிருக்கிறோமோ அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும் இடம் அது. பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-ல் இதன் அமைப்பை விளக்கி எழுதினார்கள். இன்றைக்கும் இந்தத் துறையில் அதுதான் அடிப்படைப் பாடம்.

நான் பிள்ளைகளுக்கு இதைத் திண்ணை என்று சொல்லிக்கொடுப்பேன். வீட்டுக்குள் அறைகள் இருக்கின்றன, அட்டாலி இருக்கிறது, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்து வைக்கலாம். சின்ன வயசில் பாட்டி சொன்ன கதை, பத்து வருஷத்துக்கு முன் பார்த்த முகம் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. ஆனால் புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் உள்ளே போக முடியும். உள்ளே இருப்பவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டும் என்றாலும் அவர் திண்ணைக்கு வந்துதான் பேச வேண்டும்.

அந்தத் திண்ணை மிகவும் சிறியது. ஒரே நேரத்தில் சுமார் 7 விஷயங்களை வைத்துக்கொள்ளலாம் என்று ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினார். நெல்சன் கோவன் 2001-ல் அதையெல்லாம் மறுபடி ஆராய்ந்து, உண்மையில் ஏறக்குறைய 4-தான் என்றார். ஐந்தாவது ஆள் வந்து உட்கார்ந்தால் ஏற்கெனவே இருந்தவரில் ஒருவர் விழ வேண்டியதுதான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒரு 'ஆள்' எவ்வளவு பெரியவர் என்பதைப் பழக்கம் தீர்மானிக்கிறது. எங்கள் பக்கத்து லேண்ட்லைன் எண்கள் 04923 என்று தொடங்கும். எங்களுக்கு அது ஐந்து இலக்கம் இல்லை, ஒரே சொல் மாதிரி. வெளியூர்க்காரருக்கு அது ஐந்து தனித்தனி இலக்கங்கள். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு 7 எட்டு 56 என்பது திண்ணையில் இடம் பிடிக்காமலே வந்துவிடும். தெரியாத பிள்ளை அதைக் கூட்டிக் கூட்டிக் கண்டுபிடிப்பதற்குள் 240 விழுந்து போயிருக்கும். மனப்பாடத்தைக் கேவலமாகப் பேசுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. அடிப்படையான சில விஷயங்களில் அது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பலவீனமான பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த பிளஸ் ஒன் பெண்ணின் வகுப்புக்குப் போவோம். இயற்பியல் பாடம். புத்தகத்தில் டிஸ்பிளேஸ்மென்ட் என்று இருக்கிறது. சார் அதை ஸ்தானாந்தரம் என்று விளக்குகிறார். பத்தாம் வகுப்பு வரை இவள் படித்தது இடப்பெயர்ச்சி. ஒரே கருத்துக்கு மூன்று ஆட்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்தாயிற்று. மூன்றும் ஒன்றுதானா என்ற சந்தேகம் நான்காவது ஆள். அதன்பின் சார் கரும்பலகையில் எழுதும் சமன்பாடு உட்கார இடமே இல்லை. பக்கத்தில் இருக்கும் மலையாளப் பிள்ளைக்கு இதே கணக்கில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. இரண்டு பேருக்கும் மூளை சமம்தான். தேர்வில் மட்டும் ஒருத்தி கெட்டிக்காரி, இன்னொருத்தி மக்கு என்று வந்துவிடுகிறது.

கவலைக்கும் ஓர் இடம் வேண்டும்

மொழி மட்டுமா? மனசில் ஓடும் கவலையும் அதே திண்ணையில்தான் உட்காருகிறது. இதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களை ஒட்டிய 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு அது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் 2013-ல் சயின்ஸ் இதழில் அதை வெளியிட்டார்கள்.

கரும்பு விவசாயிக்கு வருமானத்தின் பெரும்பகுதி வெட்டு முடிந்ததும் மொத்தமாக வரும். அந்தப் பணத்தை வருஷம் முழுக்க இழுக்க வேண்டும். அதனால் வெட்டுக்கு முன் கை காய்ந்திருக்கும், நகை அடகுக்கடையில் இருக்கும், கடன் ஏறியிருக்கும். ஆய்வாளர்கள் அதே மனிதருக்கு வெட்டுக்கு முன் ஒரு தடவையும், பணம் வந்த பின் ஒரு தடவையும் சின்னச் சின்ன யோசனைப் புதிர்கள் கொடுத்தார்கள். படங்களின் வரிசையில் அடுத்து எது வரும் என்று கண்டுபிடிப்பது போன்றவை. பணம் வந்த பிறகு அதே ஆள் தெளிவாகவே நன்றாகச் செய்தார். வெயில் மழைக் காலம்தான் காரணமாக இருக்குமோ என்றால் அதற்கும் வழியில்லை. எந்த வயலை எப்போது வெட்டுவது என்பதை ஆலைதான் பல மாதங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரே வாரத்தில் ஒருவர் வெட்டு முடித்திருப்பார், அடுத்த வயல்காரர் காத்திருப்பார்.

இதை முதன்முதலில் படித்தபோது என் அப்பா ஞாபகம் வந்தது. தென்னை, பனை, கொஞ்சம் காய்கறி என்று ஓடிய குடும்பம். ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடச் செலவும் விதைச் செலவும் ஒன்றாக வரும்போது அவர் சின்னக் கணக்கில்கூடத் தடுமாறுவார், எங்கள் மேல் எரிந்து விழுவார். வயசாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். தை மாதத்தில் அதே மனிதர் பால் கணக்கை வாயாலேயே போட்டுவிடுவார்.

சில சமயம் அந்தக் கவலையை மற்றவர்களே கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7-ஆம் வகுப்புப் பையன்களுக்கு, தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். தீர்க்கும் புதிர்களுக்குப் பணமும் உண்டு. சாதி பற்றி எதுவும் பேசாமல் கொடுத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் மற்றப் பையன்களும் ஏறக்குறைய சமமாகச் செய்தார்கள். இன்னொரு அறையில் எல்லோர் முன்னாலும் ஒவ்வொருவருடைய பெயரோடு சாதியையும் வாசித்துவிட்டு அதே புதிரைக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களின் விடைகள் குறைந்தன. ஒரே கிராமத்துப் பையன்கள், ஒரே புதிர். 2004-ல் வெளியான ஆய்வு இது. ஒரு வகுப்பிலோ பட்டறையிலோ "தமிழ் மீடியமா?", "எந்தக் காலனி?" என்று சத்தமாகக் கேட்பதற்கு முன் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். கேட்கிறவருக்கு அது சாதாரணக் கேள்வி. பதில் சொல்கிற பிள்ளையின் திண்ணையில் அது பீரியட் முடியும் வரை உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் பயமே கூடாதா? "பயம் இருந்தாத்தாங்க படிப்பான்" என்று பெற்றோர்கள் சொல்வதில் உண்மையே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் இருவரும் 1908-ல் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி என்று இரண்டு வழி. தப்பான வழியில் போனால் மின் அதிர்ச்சி. வெளிச்ச வித்தியாசம் நன்றாகத் தெரியும்போது, அதாவது வேலை எளிதாக இருக்கும்போது, அதிர்ச்சி கூடக் கூட எலிகள் சீக்கிரம் கற்றுக்கொண்டன. வித்தியாசம் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருந்தபோது நடுத்தரமான அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன. அதற்கு மேல் போனபோது கற்பது தாமதமானது.

எலிச் சோதனையை அப்படியே மனுஷனுக்குப் பொருத்தக் கூடாதுதான். ஆனாலும் அனுபவத்தில் இது ஒத்துப்போகிறது. எழுதிப் பழகிய பாடத்தை மறுபடி எழுத வைக்க மிரட்டல் உதவும். புதிய கணக்கைப் புரிய வைக்க உதவாது. மூட்டை ஏற்றுகிற வேலையில் சூப்பர்வைசர் சத்தம் போட்டால் வேகம் கூடலாம். புது மெஷினில் அளவு சரிபார்க்கும் பையனிடம் சத்தம் போட்டால் அவன் திண்ணையில் அந்தச் சத்தம்தான் உட்கார்ந்திருக்கும், மைக்ரோமீட்டர் காட்டும் எண் இருக்காது.

சொல்கிறவர் காதில் கேட்கும் பாட்டு

இரண்டாவது விஷயம் பேச்சு. எங்கள் எல்லைப் பக்கத்தில் இது தினசரிப் பிரச்சினை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில், பேக்கிங் பிரிவில் இருந்த ஒரு தமிழ்ப் பையனை லேபிள் ஒட்டும் மெஷினுக்கு மாற்றினார்கள். திருச்சூர்ப் பக்கத்து மேனேஜர் அவனைத் தட்டிக்கொடுத்து, "இது நினக்கொரு நல்ல அவசரமாணு" என்றார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. உனக்கு இது நல்ல வாய்ப்பு என்று அன்பாகச் சொல்லியிருக்கிறார். பையன் காதில் விழுந்தது நம் தமிழ் அவசரம். மெஷின் வேகத்தைக் கூட்டிவிட்டான். மதியத்துக்குள் இருநூறு டப்பாவில் லேபிள் கோணலாக ஒட்டியிருந்தது. மேனேஜருக்குக் கோபம், பையனுக்கு அழுகை. இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள், கேட்டார்கள். (தெலுங்கில் அதே அவசரம் 'தேவை' என்று பொருள்படும். மூன்று பக்கத்து வீடுகளில் ஒரு சொல் மூன்று வேலை பார்க்கிறது.)

தெரியாத சொல்லால் இவ்வளவு ஆபத்து இல்லை. அதைக் கேட்டால் புரியவில்லை என்றாவது தெரியும். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் ஏமாற்றும். வெள்ளம் என்றால் அங்கே குடிக்கும் தண்ணீர், சம்சாரம் என்றால் பேச்சு.

ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள்ளும் இது நடக்கும். எலிசபெத் நியூட்டன் என்பவர் 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனசில் நினைத்து மேசையில் விரலால் தாளம் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது மூன்றே மூன்று. தட்டுகிறவர் காதுக்குள் பாட்டு முழுதாக ஓடுகிறது. எதிரில் இருப்பவருக்கு டொக் டொக் மட்டும்தான்.

ஆசிரியரும் அனுபவசாலித் தொழிலாளியும் செய்வது பெரும்பாலும் இதுதான். "அந்த ரெண்டாவது வால்வை லேசாத் திருப்பிட்டு பிரஷரைப் பாத்துக்கோ" என்று சொல்கிறவர் கண்முன் முழுக் காட்சியும் ஓடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, லேசாக என்றால் எவ்வளவு, பிரஷர் எதற்கு மேல் போனால் ஆபத்து என்பதெல்லாம் கேட்கிறவனுக்கு வெறும் டொக் டொக்.

அப்புறம் நாம் கேட்கும் அந்தக் கேள்வி: "புரிஞ்சுதா?" இங்கே "மனசிலாயோ?" இதைவிடப் பயனில்லாத கேள்வி இருக்க முடியாது என்று எனக்கு ஒரு உறுதியான எண்ணம் உண்டு. புரிந்தவரும் ஆமாம் என்பார், புரியாதவரும் ஆமாம் என்பார், தப்பாகப் புரிந்துகொண்டவர் எல்லோருக்கும் முந்தி ஆமாம் என்பார். அந்த லேபிள் பையனிடம் கேட்டிருந்தாலும் "புரிஞ்சுதுங்க சார்" என்றுதான் சொல்லியிருப்பான்.

விமானத் துறை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கட்டுப்பாட்டு அறை ஒரு உயரத்தைச் சொன்னால் விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அறையில் இருப்பவர் கேட்டு, தப்பிருந்தால் திருத்த வேண்டும். அதன் பிறகும் ஆபத்து முழுதாக விலகிவிடாது என்பதற்கு ஹரியானாவின் சர்க்கி தாத்ரி சாட்சி. 1996 நவம்பர் 12-ஆம் தேதி டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானமும் டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் வானத்தில் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்றும், சவூதி விமானத்துக்கு 14,000 அடி என்றும் ஒதுக்கியிருந்தார்கள். கஜகஸ்தான் விமானம் தனக்கு ஒதுக்கிய உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அதன் ஊழியர்களுக்கு இங்கிலீஷ் போதாமல் இருந்ததும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. பன்னாட்டு விமானிகளும் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களும் குறிப்பிட்ட அளவு இங்கிலீஷ் பேசிப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

நம் வகுப்புக்கும் பட்டறைக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. "புரிஞ்சுதா?" என்பதற்குப் பதிலாக "சரி, இப்ப நீ எப்படிச் செய்யப்போற, உன் வாயால சொல்லு" என்று கேளுங்கள். அவர் எந்த மொழியில் யோசிக்கிறாரோ அந்த மொழியில் சொல்லட்டும். சொன்ன வாக்கியத்தையே கிளி மாதிரி திருப்பிச் சொல்வது போதாது, தன் சொல்லில் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் கூட ஆகும். இருநூறு லேபிளைச் சுரண்டி எடுக்க எங்களுக்கு ஒரு மாலை முழுக்க ஆனது.

கேட்டால் என்ன நினைப்பார்களோ

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. புரியவில்லை என்றால் அவர்களே ஏன் கேட்பதில்லை?

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அந்தக் குழுக்களில் நர்ஸ்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் பயந்து விழுங்கிவிட்டார்கள். இதைத் தொடர்ந்து 1999-ல், ஒரு தொழிற்சாலைக் கம்பெனியின் 51 குழுக்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரையில், குழுக்களின் மனப் பாதுகாப்பு என்ற கருத்தை முன்வைத்தார். கேள்வி கேட்டாலோ, தெரியாது என்றாலோ, தப்பை ஒப்புக்கொண்டாலோ இங்கே யாரும் என்னைக் கேவலப்படுத்த மாட்டார்கள் என்று ஒரு குழுவில் இருப்பவர்கள் நம்புவதுதான் அது. கூகுள் நிறுவனம் பின்னால் தன்னுடைய 180 குழுக்களை ஆராய்ந்தபோதும், நல்ல குழுக்களைப் பிரித்துக் காட்டிய அம்சங்களில் இதுதான் முதலில் நின்றது.

எங்கள் கம்பெனியில் ஒரு மோட்டாரில் ஒரு வாரமாக வேறு மாதிரி சத்தம் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கு அது தெரியும். தினமும் கேட்கிறவர் ஆயிற்றே. அவர் சொல்லவில்லை. கடைசியில் பேரிங் போய் லைன் ஒன்றரை நாள் நின்றது. அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் நான் கேட்டபோது, "நான் சொன்னா யாருங்க கேப்பாங்க? மலையாளத்துல தப்பாச் சொல்லிட்டா சிரிப்பாங்க" என்றார். இரண்டு காரணம் சொன்னார், இரண்டும் நிஜம். ஒருவர் பேச்சைக் கேட்டுச் சிரித்த அந்த ஒரு சிரிப்பு எத்தனை பேர் வாயை எத்தனை வருஷம் கட்டிப்போடுகிறது என்பதைச் சிரித்தவர்கள் அறிவதே இல்லை. அதற்கு முந்தைய வருஷம் ஒரு மீட்டிங்கில் அவர் பேச்சுக்குச் சிரித்தவர்களில் நானும் இருந்தேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

வாயைத் திறக்க வைப்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவைப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. அதில் ஓர் அம்சம், கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. ஒரு தடவை வாய் திறந்து பேசியவர், பின்னால் தப்பு நடக்கும்போதும் பேசுவார் என்பது அதன் பின்னால் இருக்கும் எண்ணம். எட்டு நகரங்களில் இந்தப் பட்டியலை நடைமுறைப்படுத்திப் பார்த்தபோது அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. இது பெயர் சொன்னதால் மட்டும் வந்த பலன் இல்லை, பட்டியல் முழுவதற்கும் சேர்த்துத்தான். ஆனாலும் அந்த ஓர் அம்சம் வகுப்புக்கு அப்படியே பொருந்துகிறது. என் டியூஷனில் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு வாக்கியம் பேசியிருக்க வேண்டும். மதியம் என்ன சாப்பிட்டாய் என்பதுகூடப் போதும்.

மொழி விஷயத்தில் சட்டமும் கொஞ்சம் துணைக்கு இருக்கிறது. கேரளத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. கூச்சப்பட்டுக்கொண்டு தெரியாத மொழியில் அரைகுறையாக எழுதுவதைவிட, தெரிந்த மொழியில் தெளிவாக எழுதுவது எழுதுகிறவருக்கும் நல்லது, படிக்கிறவருக்கும் நல்லது.

டியூஷனில் நான் செய்பவை

தேர்வு பயம் அதிகமாக இருக்கும் பிள்ளைகளுக்கு, தேர்வுக்கு முன் பத்து நிமிஷம் தன் பயத்தையே எழுதச் சொல்வேன். என்ன பயம், தோற்றால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய், அப்பா என்ன சொல்வார், எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டுத் தாளைக் கிழித்துப் போடலாம். ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பைலாக் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து இதை எடுத்துக்கொண்டேன். பயம் அதிகமுள்ள மாணவர்களுக்கு அதனால் மதிப்பெண் கூடியது. பிற்பாடு செய்த ஆய்வுகளில் எல்லா இடத்திலும் அதே பலன் கிடைக்கவில்லை. அதனால் இதை மருந்து மாதிரி சொல்ல மாட்டேன். செலவில்லாதது, கெடுதல் இல்லாதது, திண்ணையில் இருப்பவரைக் கொஞ்ச நேரம் தாளுக்கு மாற்றி உட்கார வைக்கிறது. என் பிள்ளைகளில் சிலருக்கு நன்றாகவே உதவியிருக்கிறது.

கஷ்டமான பாடத்தைச் சின்னதாக உடைத்து, முதல் துண்டில் ஜெயிக்க வைப்பேன். என்னால் முடியும் என்ற நம்பிக்கை வருவதற்கு, ஏற்கெனவே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான் வலுவான அடித்தளம் என்று ஆல்பர்ட் பாண்டுரா 1977-லேயே எழுதினார். "உன்னால முடியும், உன்னால முடியும்" என்று வாயால் சொல்வது அதில் கால்வாசிகூடச் செய்வதில்லை.

பெற்றோர்களிடம் ஒன்று சொல்லிவிடுவேன். இதெல்லாம் உழைப்புக்குப் பதிலாக வருவதில்லை. பயம் போன பிள்ளையும் வாய்ப்பாடு தெரியாமல் கணக்குப் போட முடியாது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல், ராத்திரி பன்னிரண்டு மணிவரை போன் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு எந்த உளவியலும் உதவாது.

அந்த பிளஸ் ஒன் பெண்ணுக்கு முதல் வேலையாக ஒரு நீள நோட்டு வாங்கி வரச் சொன்னேன். பக்கத்துக்கு மூன்று கட்டம். டிஸ்பிளேஸ்மென்ட், ஸ்தானாந்தரம், இடப்பெயர்ச்சி. வெலாசிட்டி, ப்ரவேகம், திசைவேகம். ஆக்சிலரேஷன், த்வரணம், முடுக்கம். மொமென்டம், ஆக்கம், உந்தம். தினமும் பத்துச் சொல், வகுப்புக்குப் போவதற்கு முந்தின நாளே. மூன்று ஆட்களையும் ஒரே ஆளாக்கி அனுப்புவதுதான் நோக்கம். ஒன்றரை மாதம் கழித்து வகுப்பில் எழுந்து, "சார், ஆக்கம் எந்நு பறஞ்ஞால் மாஸ் இன்டு வெலாசிட்டி, அல்லே?" என்று கேட்டாளாம். பாதி மலையாளம், பாதி இங்கிலீஷ். சார் "அதே, இரிக்கூ" (ஆமாம், உட்கார்) என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனாராம். யாரும் சிரிக்கவில்லை என்பதை அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இந்த வருஷம் வந்த பிள்ளைகளுக்கு அதையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இயற்பியல் முடிந்துவிட்டது, வேதியியலில் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது.